கால்சியம் நார்மல்... எலும்பு மட்டும் ஏன் முறிகிறது?

விடிகாலை இருட்டில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. ஈரத்தில் கால் வழுக்கியது. வலது கையை ஊன்றினார். அவ்வளவுதான்... மணிக்கட்டு முறிந்துவிட்டது!

கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் குடும்பம். அம்மாவுக்கு வயது 58. மாதவிலக்கு நின்று எட்டு வருஷமாகிறது. கட்டுப் போட்டு, கை கூடி, ஒரு வருஷமும் ஓடிவிட்டது. 'எலும்பை ஒரு தடவை பார்த்துடலாம்' என்று மகள்தான் கோயமுத்தூருக்கு அழைத்து வந்தாள்.

"ஸ்கேனெல்லாம் எதுக்குங்க டாக்டர்? ரத்தத்துல கால்சியம் சரியாத்தானுங்க இருக்குது. ரிப்போர்ட்டைப் பாருங்க!"

நம்மில் பலர் ஏமாறுகிற இடம் இதுதான்.

எலும்பு ஒரு பேங்க்!

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயம், தசை, நரம்பு எல்லாமே தடுமாறும். அதனால் உடம்பு அதைக் குறைய விடாது. லேசாகக் குறைந்தாலும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும். கைச்செலவுக்குப் பணம் இருக்கிறது. பேங்க் கணக்கோ கரைந்துகொண்டே போகிறது! கால்சியம் ரிப்போர்ட் காட்டுவது கையிலிருக்கும் பணத்தை மட்டும்தான்.

கணக்கில் எவ்வளவு மிச்சம்?

அதைச் சொல்வது 'டெக்ஸா' ஸ்கேன். இடுப்பு, முதுகெலும்புகளின் அடர்த்தியை வலியில்லாமல் அளந்துவிடும். 'டி ஸ்கோர்' மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்பு மெலிவு நோய், அதாவது ஆஸ்டியோபொரோசிஸ். உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த அளவுகோல் இது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், மாதவிலக்கு நின்ற 150 பெண்களை ஸ்கேன் செய்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள்தான். ஆனால், பாதிப் பேருக்கு எலும்பு மெலிவு!

வேகத்தைச் சொல்லும் ரத்த டெஸ்ட்

எலும்பில் பழையதை அரிக்கும் செல்களும் உண்டு. புதிதாகக் கட்டும் செல்களும் உண்டு. அரிக்கும்போது ரத்தத்தில் உதிரும் புரதத் துணுக்கு 'சி.டி.எக்ஸ்.' கட்டும்போது கலப்பது 'பி1என்பி.' மாதவிலக்கு நின்றபின் அரிப்பு, கட்டுமானத்தை முந்திவிடுகிறது.

இந்த டெஸ்ட்டை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இது பெரிதும் உதவும். சிகிச்சைக்கு முன் ஒருமுறை, சுமார் மூன்று மாதம் கழித்து ஒருமுறை எடுப்பார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்து பலித்தால் சி.டி.எக்ஸ். நன்றாக இறங்கியிருக்கும். ஸ்கேனில் மாற்றம் தெரிய ஒன்றிரண்டு வருஷம் ஆகுமே!

ரத்தம் கொடுக்கும் முன்...

* காலை 8 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுங்கள். காப்பியும் வேண்டாம். சாப்பிட்டால் சி.டி.எக்ஸ். இறங்கிவிடும்.

* அடுத்த முறையும் அதே லேப், அதே நேரம்.

* முடி கொட்டுவதற்காக 'பயோட்டின்' மாத்திரை சாப்பிடுகிறீர்களா? முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் ரிசல்ட்டே மாறிவிடும்.

* சமீபத்தில் எலும்பு முறிந்திருந்தாலும், கிட்னி கோளாறு இருந்தாலும் அளவு கூடுதலாகக் காட்டலாம். டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அந்த அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். டி ஸ்கோர் மைனஸ் 2.9! "மணிக்கட்டு முறிஞ்சது முதல் எச்சரிக்கைம்மா. அடுத்தது இடுப்பா இருந்தா படுக்கைதான்" என்றார் டாக்டர். மருந்து ஆரம்பமானது. மூன்று மாதத்தில் சி.டி.எக்ஸ். பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

"அப்ப இனி வாசல் தெளிக்கலாமுங்களா?"

"தாராளமா! ஆனா, நல்லா விடிஞ்சப்புறம் தெளிங்கம்மா!"