27 கிளப்
27 கிளப் என்பது 27ஆம் வயதில் இறந்த புகழ்பெற்ற இசைக்கலைஞர்களைக் குறிக்க மேற்கத்திய ஊடகங்களில் வழங்கும் பெயராகும். பெயரில் கிளப் என்று இருந்தாலும் இது ஓர் அமைப்பு அன்று. எழுதுபவரின் விருப்பப்படி இதன் பட்டியல் நீளும், சுருங்கும். ராக் இசைக்கலைஞர்களுக்கு 27 ஆபத்தான வயது என்ற நம்பிக்கையும் இப்பெயரோடு சேர்ந்தே பரவியது.

இரண்டே ஆண்டுகளில் நேர்ந்த நான்கு இறப்புகள் இந்நம்பிக்கைக்கு அடிப்படையாயின. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பிரையன் ஜோன்ஸ் 1969 சூலை 3 அன்று இங்கிலாந்தில் தம் வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பர் 18 அன்று இலண்டனில் இறந்தார். அளவுக்கு மீறி உட்கொண்ட தூக்க மாத்திரைகளே காரணம். அதற்குப் பதினாறாம் நாள், அக்டோபர் 4 அன்று, பாடகி ஜானிஸ் ஜோப்ளின் லாஸ் ஏஞ்சலசில் ஒரு விடுதி அறையில் ஹெராயினால் உயிரிழந்தார். டோர்ஸ் குழுவின் பாடகர் ஜிம் மாரிசன் பாரிசில் இறந்ததோ 1971 சூலை 3, அதாவது ஜோன்சின் இரண்டாம் நினைவு நாள். மாரிசனுக்குப் பிணக்கூறாய்வு செய்யப்படாததால் வதந்திகளுக்கும் குறைவில்லை.

எனினும், 1994 ஏப்ரலில் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தற்கொலை செய்துகொண்ட பிறகே 27 என்ற எண் பெரிதாகப் பேசப்பட்டது. 1938இல் இறந்த புளூஸ் கலைஞர் இராபர்ட் ஜான்சன் பின்னோக்கிச் சேர்க்கப்பட்டார். 2011 சூலையில் அளவுக்கு மீறிய மதுவால் இறந்த ஏமி வைன்ஹவுசின் பெயர் உடனே சேர்ந்துகொண்டது.

இவர்களிடம் வெள்ளை நிறச் சிகரெட் லைட்டர் இருந்ததாக ஒரு கதையும் உண்டு. கதையில் வரும் பிக் நிறுவனத்தின் லைட்டர் விற்பனைக்கு வந்ததே 1973இல்தான்.

நம்பிக்கையைச் சோதித்த ஆய்வு ஒன்று 2011 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. 1956 முதல் 2007 வரை பிரித்தானிய ஆல்பம் தரவரிசையில் முதலிடம் பெற்ற 1,046 இசைக்கலைஞர்களை அது எடுத்துக்கொண்டது. அவர்களுள் 71 பேர் இறந்திருந்தனர். 27 வயதில் இறப்பு வீதம் நூற்றுக்கு 0.57, 25 வயதில் 0.56, 32 வயதில் 0.54. ஆக, 27க்குத் தனிச் சிறப்பு ஏதும் இல்லை. ஆனால் அதே ஆய்வின் மற்றொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இக்கலைஞர்கள் இறக்கும் வாய்ப்பு பிரித்தானியப் பொதுமக்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. ஒற்றை வயதின் மீது பழியைப் போடுவதால், அந்த இருபது ஆண்டுகளிலும் நீடிக்கும் இடரும், அதன் பின்னுள்ள போதைப்பொருள், மது, மன அழுத்தம் போன்ற காரணங்களும் கவனத்திலிருந்து நழுவிவிடுகின்றன.

நம்பிக்கை பொய்யானாலும் அதன் விளைவு மெய்யானது. 27 வயதில் இறந்தவர்களின் விக்கிப்பீடியா பக்கங்களை, ஒத்த புகழுடன் வேறு வயதில் இறந்தவர்களின் பக்கங்களைவிடக் கூடுதலானோர் பார்க்கின்றனர் என்று 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 1967இல் விமான விபத்தில் இறந்த பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கிற்கு வயது 26. ஸ்வீடனின் அவீச்சி 2018இல் இறந்தபோது வயது 28. அவ்வயதுகளுக்கு இத்தகைய கிளப் எதுவும் புகழ்பெறவில்லை.