பிறந்த திகதியிலிருந்து தொடங்குங்கள்

திருகோணமலையில் ஒரு குடும்பம் ஐரோப்பா போக நினைத்தால், போகும் வழியை அவர்கள் போடுவதில்லை. சொந்தக்காரர் எப்போதோ போட்டுவிட்டார்கள். சித்தப்பா பாரிஸில், பெரியம்மாவின் மகள் பேர்ணில், மாமா லண்டனில். யார் வீட்டில் எத்தனை நாள் என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருப்போம். அந்தக் கணக்கில் பிள்ளைகளும் சூட்கேஸும் ஒன்றுதான். நான் சொல்வேன், சொந்தக்காரர் பட்டியலை மடித்து வைத்துவிட்டு முதலில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை மேசையில் பரப்புங்கள்.

உவர்மலையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பெரியவளுக்கு 15, நடுவானுக்கு 11, கடைக்குட்டிக்கு ஒரு வயதும் பதினொரு மாதமும். ஆகஸ்ட் விடுமுறைக்கு நான்கு கிழமை போகப்போகிறார்கள்.

கடைக்குட்டி இரண்டு வயதுக்குள் என்றால் தாயின் மடியில் போகலாம். பல விமான நிறுவனங்கள் அதற்குப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் எடுக்கும். ஆனால் இந்தப் பிள்ளைக்கு நடு ஆகஸ்டில் இரண்டு வயது வந்துவிடும். போகும்போது மடி, திரும்பும்போது தனி இருக்கை, அதற்குத் தனிக் காசு. பிறந்தநாள் கேக்கைச் சித்தப்பா வாங்கிவிடுவார், இருக்கையை யார் வாங்குவது? கொஞ்சம் முந்திப் புறப்பட்டுப் பிறந்தநாளுக்கு முன்பே திரும்பினால் அந்தச் செலவு இல்லை.

நடுவானின் வயது இன்னும் சிக்கல். 12 என்பது ஐரோப்பாவில் ஒரு பெரிய வேலி. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான செங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 12 ஆகும்வரை 45, அதற்குக் கீழே இலவசம். 12 ஆகாத பிள்ளைக்குக் கைரேகையும் எடுப்பதில்லை. விமானத்திலும் பெரும்பாலும் 12 ஆனால் முழுக் கட்டணம்தான். வெளிநாட்டவர் வாங்கும் யூரெயில் ரயில் பாஸில் 4 முதல் 11 வரையானவர்கள் பெரியவரோடு இலவசமாகப் போகலாம். ஈபெல் கோபுரத்தில் 4 முதல் 11 வரை ஒரு விலை, 12 முதல் 24 வரை வேறு விலை. ஆகவே, “அடுத்த வருஷம் பார்ப்போம்” என்று தள்ளிப்போடுகிறவர்கள் நடுவானுக்கு என்ன வயதாகும் என்று விரல்விட்டு எண்ணிவிட்டுத் தள்ளிப்போடுவது நல்லது.

எல்லை கடந்தால் வேலியும் நகரும். லண்டனில் சுரங்க ரயிலிலும் பஸ்ஸிலும் 11 ஆகாதவர்கள்தான் பெரியவரோடு இலவசம். ஈபெல் கோபுரத்தில் இன்னும் சிறுவனாக இருந்த நடுவான் லண்டனில் காசு கட்டுவான். 11 முதல் 15 வரையான வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. ஆனால் ஒய்ஸ்டர் என்ற பயண அட்டையில் அதை நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். சுவிஸில் 6 வயது ஆகும்வரை இலவசம். பெற்றோர் சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் 15 வயது வரையானவர்களும் குடும்ப அட்டையில் காசில்லாமல் வரலாம். பெரியவளுக்கு இந்த வருஷம்தான் கடைசி வாய்ப்பு.

விசாவில் ஒரு விஷயத்தை அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் செங்கனில் இருக்கிறது. பிரித்தானியா இரண்டிலும் இல்லை, அதற்குத் தனி விசா. பாரிஸுக்கும் பேர்ணுக்கும் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமென்றால் முதலில் இறங்கும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். 18 ஆகாத பிள்ளைக்குத் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். தகப்பன் கட்டாரில் வேலையென்றால் அந்தக் கடிதத்துக்கு இப்போதே சொல்லிவையுங்கள். தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்துவைத்தால், கொழும்புக்கு இன்னொரு தடவை இரவு பஸ் ஏற வேண்டிவராது.

தாள் வேலை முடிந்தது. இனி அங்கே நாட்களை எப்படிக் கழிப்பது என்பது.

நிலாவெளிக்கு வரும் வெள்ளைக்காரக் குடும்பங்களைக் கவனித்திருக்கிறீர்களா? மூன்று பிள்ளைகளோடு வருவார்கள், ஒரே விடுதியில் பத்து நாள் கிடப்பார்கள். ஒரு காலை புறாத்தீவு, ஒரு காலை கோணேசர் கோயிலும் கோட்டைக்குள் மேயும் மான்களும். மற்ற நேரமெல்லாம் குழந்தை மணலில் குழி தோண்டும், பெரியது புத்தகத்தோடு குப்புறப் படுத்திருக்கும். நாங்களோ அவர்கள் ஊருக்குப் போய்ப் பத்து நாளில் நான்கு நாடும் பதினொரு வீட்டுச் சாப்பாடும் முடிக்கப் பார்க்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் அவர்களைப் பார்த்துப் படிக்கலாம் என்பது என் எண்ணம். நான்கு கிழமைக்கு இரண்டு ஊர் போதும். சொந்தக்காரர் உங்களைப் பார்க்க ரயிலேறி வரட்டுமே.

முதல் மூன்று நாளில் எதையும் வைக்காதீர்கள். கோடையில் பாரிஸ் எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் பின்னால். இங்கே காலை ஆறு மணிக்கு எழும்பிப் பழகிய கடைக்குட்டி அங்கே அதிகாலை இரண்டரைக்குக் கண் விழிக்கும். நான்காம் மாடியில், மரப்பலகைத் தரையில், சித்தப்பா நான்கு மணிக்கு வேலைக்கு எழும்ப வேண்டிய வீட்டில், அது பந்து உருட்டத் தொடங்கும். கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார். துணிப் பொம்மையும் ஒரு பைக்கற் மலிபன் பிஸ்கட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பகலில் மெட்ரோவைவிட பஸ் நல்லது. பாரிஸின் பழைய மெட்ரோ நிலையங்களில் படிக்கட்டுகள் அதிகம், பிள்ளை வண்டிலைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்துபோகும்.

பதினைந்து வயதுக்காரிக்கு ஒரு நாளை முழுதாகக் கொடுங்கள். எங்கே போவது, எந்த ரயில், எங்கே சாப்பாடு எல்லாம் அவளே பார்க்கட்டும். லூவ்ர் அருங்காட்சியகத்தில் 18க்குக் கீழே எந்த நாட்டவருக்கும் இலவசம், செவ்வாய்க்கிழமை பூட்டு. லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகமும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் எல்லோருக்கும் இலவசம். நடுவானுக்கு டைனோசர் எலும்பு, அவளுக்குப் பக்கத்துத் தெருவில் சுற்ற இரண்டு மணித்தியாலம் என்று பிரித்தால் சண்டை வராது.

பேர்ணில் மட்டும் ஒரு எச்சரிக்கை. மார்சிலி என்ற இடத்தில் ஆரே ஆற்றங்கரையில் நீச்சலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, ஊரே வந்து குதிக்கும். ஒல்லாந்தர் குடாவில் மீன்குஞ்சு மாதிரி நீந்துகிற நடுவானும் குதிக்கத்தான் கேட்பான். விடாதீர்கள். அவன் பழகியது வெதுவெதுப்பான, மிதக்கவிடுகிற உப்புத்தண்ணீர். இது மலையில் உருகி வரும் குளிர்ந்த நன்னீர், இழுப்பும் அதிகம். பக்கத்தில் உள்ள நீச்சல் தடாகம் அவனுக்குப் போதும்.

ஆகஸ்ட் கடைசியில் பாரிஸில் இருந்தால் லாச்சப்பலில் மாணிக்க விநாயகர் தேர் கிடைக்கக்கூடும். தெருவில் தேங்காய் மலையாகக் குவிந்து உடைபடும், மூன்று பிள்ளைகளுக்கும் பிடித்த ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும். சனம் நெருக்கும். கடைக்குட்டியின் முழங்கையில் சித்தப்பாவின் தொலைபேசி இலக்கத்தைப் பேனாவால் எழுதிவிடுங்கள். உங்கள் இலங்கை இலக்கத்தை அல்ல.