மீனும் ஐந்தும் ஒரே ஒலி: மொழிக் குடும்பத்தைக் கணினி பிரிப்பது எப்படி?

2019ஆம் ஆண்டு ஏப்ரலிலும் மே மாதத்திலுமாக, சில வார இடைவெளியில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. கேள்வி ஒன்றுதான்: சீனம், திபெத்தியம், பர்மியம், மணிப்பூரி, மிசோ, போடோ என இமயத்தின் இருபுறமும் பரவிக் கிடக்கும் சீன-திபெத்திய மொழிகளுக்கெல்லாம் தாயான மொழி எப்போது பிரியத் தொடங்கியது? ‘நேச்சர்’ இதழில் மெங்ஹான் ஜாங் குழு சொன்ன விடை, சுமார் 5,900 ஆண்டுகளுக்கு முன். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் லோரான் சகார் குழு சொன்னது, சுமார் 7,200 ஆண்டுகளுக்கு முன். இரு குழுக்களும் கணினியைக் கொண்டே கணக்கிட்டன. பிறகு ஏன் 1,300 ஆண்டு வித்தியாசம்?

முதலில், கணினிக்கு என்ன ஊட்டுகிறார்கள் என்று பார்ப்போம். கண், நாய், நீர், மூன்று, ஐந்து என்பது போன்ற அன்றாடப் பொருள்களின் பட்டியல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு மொழியிலும் அதற்கான சொல்லை நிரப்புகிறார்கள். மீன் என்ற வரிசையைப் பாருங்கள்: திபெத்தியத்தில் ‘ஞா’, பர்மியத்தில் ‘ஙா’, மணிப்பூரியிலும் ‘ஙா’, போடோவில் ‘நா’. தமிழில் சொல்லுக்கு முதலில் வருவதே அரிதான ‘ங’, அங்கே மீனுக்கே பெயர்! ஐந்து என்ற வரிசையில் பர்மியம் ‘ஙா’, மணிப்பூரி ‘மஙா’, மிசோ ‘பஙா’. பர்மியத்தில் மீனும் ஐந்தும் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றே. வெறும் ஒலியை வைத்துத் தேடினால் இரண்டும் குழம்பிவிடும். அதனால்தான் பொருள்வாரியாகக் கட்டம் போடுகிறார்கள். சகார் குழு எடுத்துக்கொண்டது 50 மொழிகள், 180 பொருள்கள். ஏறத்தாழ 9,000 கட்டங்கள்.

அடுத்து, ஒரு வரிசையில் எந்தெந்தச் சொற்கள் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று முடிவு செய்ய வேண்டும். எளிய வழி, எழுத்து வேறுபாட்டை எண்ணுவது. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்ற கணக்கு இது. ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் தந்தது. ஆனால் இங்கே அது சறுக்கும். மூன்று என்பதற்குத் திபெத்தியத்தில் ‘சும்’, மணிப்பூரியில் ‘அஹும்’, மிசோவில் ‘பதும்’, போடோவில் ‘தாம்’, சீனத்தில் ‘சான்’. தாய்லாந்து மொழியிலோ ‘சாம்’. தோற்றத்தை மட்டும் பார்த்தால் போடோவைவிடத் தாய்லாந்து மொழிதான் சீனத்துக்கு நெருக்கம். உண்மையில் அது வேறு குடும்பம். இரண்டு முதல் பத்து வரையான எண்ணுப்பெயர்களைச் சீனத்திடமிருந்து கடன் வாங்கிய மொழி.

உறவைக் காட்டுவது ஒற்றுமை அல்ல, ஒழுங்கு. பால் கன்னடத்தில் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு. தமிழின் சொல்முதல் பகரம் அங்கே வரிசையாக ஹகரமாவது தற்செயலாக நடக்காது. இத்தகைய ஒழுங்கைச் சொற்பட்டியலிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் நிரல்களை யோஹான்-மாட்டிஸ் லிஸ்ட் உள்ளிட்டோர் உருவாக்கியிருக்கிறார்கள். 2017இல் நடந்த சோதனையில் அவற்றில் சிறந்தது அறிஞர்களின் முடிவோடு 89 சதவீதம் அளவுக்கு ஒத்துப்போனது. நல்ல மதிப்பெண்தான். ஆனால் மிச்சமுள்ள பிழை ஒரே கிளையில் குவிந்தால் அந்தக் கிளையே இடம் மாறிவிடக்கூடும். அதனால் சகார் குழு வேர்களைக் கைப்படவே பிரித்தது.

மரம் வரைவது அதற்குப் பிறகுதான். இரு ஆய்வுகளும் கையாண்டது பேயிசியன் முறை. கணினி ஒரு மரத்தை உத்தேசமாக வரைந்து, ஒரு கிளையை இடம் மாற்றிப் பார்க்கும். தரவுக்குப் பொருந்தி வந்தால் பெரும்பாலும் வைத்துக்கொள்ளும், மீண்டும் மாற்றும். லட்சக்கணக்கான முறை இப்படி. கடைசியில் கையில் இருப்பது ஒரு மரமல்ல, ஆயிரக்கணக்கான மரங்கள். நூறு மரங்களில் எத்தனையில் ஒரு கிளை தென்படுகிறது என்பதே அதற்கான நம்பிக்கை அளவு. காலத்தைக் கணிக்க ஆண்டு தெரிந்த சான்றுகள் வேண்டும். பழம் பர்மியத்துக்கு 12ஆம் நூற்றாண்டின் மியாசேதி கல்வெட்டு இருப்பதுபோல. சகார் குழு பழஞ்சீனம், பழந்திபெத்தியம், பழம் பர்மியம், மறைந்துபோன தாங்குத் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இப்போது அந்த 1,300 ஆண்டுக்கு வருவோம். 5,900 என்பது நடு மதிப்பு மட்டுமே. அதன் வீச்சு 4,200 முதல் 7,800 வரை. 7,200இன் வீச்சு ஏறக்குறைய 5,100 முதல் 9,600 வரை. இரண்டும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. முரண் என்று சொல்ல இடமில்லை. ஜாங் குழு 109 மொழிகளை எடுத்தது. தரவுக்கு அமெரிக்காவின் பெர்க்லியில் ஜேம்ஸ் மாட்டிசாஃப் 1987இல் தொடங்கிய வேர்ச்சொல் அகராதித் திட்டத்தைச் சார்ந்திருந்தது. மொழிகளின் எண்ணிக்கை குறைவானாலும், கடன்சொல்லைக் களையெடுத்த 180 வரிசைகளைத்தான் நான் கூடுதலாக நம்புவேன். தாயகம் வட சீனம் என்பதில் இரு குழுக்களும் உடன்படுகின்றன. தினை பயிரிட்ட அங்குள்ள உழவர்களைச் சகார் குழு சுட்டுகிறது.

நம் வீட்டுக் கணக்கும் இதே முறையில் போடப்பட்டதே. 2018இல் 20 மொழிகளை வைத்துத் திராவிடக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 4,500 ஆண்டு வயது சொன்ன ஆய்விலும் சகார் குழுவின் சைமன் கிரீன்ஹில் இருந்தார். அது குடும்பத்தின் வயது, தமிழின் வயதல்ல.

தீராத வழக்கு ஒன்று உண்டு. சீனம் ஒருபுறம், மற்றவை எல்லாம் ‘திபெத்திய-பர்மியம்’ என்ற ஒரே கிளையாக மறுபுறம் என்பது பழைய பிரிப்பு. ஜாங் குழுவின் மரம் அதற்கு ஆதரவாக நிற்கிறது. ஜார்ஜ் வான் டிரீம் போன்றோர் அதை ஏற்பதில்லை. எது முதலில் பிரிந்தது என்று சொல்லாமலே கிளைகளைத் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அருணாசலப் பிரதேசத்தின் புரோயிக், ஹ்ருசோ மொழிகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதானா என்பதே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அதைத் தீர்க்கத் தேவை வேகமான கணினி அல்ல. அந்த ஊர்களில் உட்கார்ந்து, ஒலி பிசகாமல் சொற்களைப் பதிவு செய்யும் ஆட்கள்தான்.