மணல்மேட்டுப் பணம் சவுக்குக்கே போவது ஏன்?

பதினைந்தாவது நிதிக் குழுவின் காலம் 2026 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிவடைவதால், கடலோர ஊராட்சிகளைச் சேர்ந்த வாசகர்கள் பலர், ஊருக்கும் அலைக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டில் அந்த மண்ணுக்கே உரிய செடிகொடிகளை மறுபடியும் வளர்க்க அக்குழுவின் பரிந்துரைப்படி ஊராட்சிக்கு வரும் மானியத்தைச் செலவிடலாமா என்று கேட்டு எழுதியவண்ணம் இருக்கிறார்கள். செலவிடலாம் என்பதே விடை. ஆயினும் செலவிட்ட பணம் கொடியைச் சேருமா, சவுக்கைச் சேருமா என்பது வேறு விஷயம்.

மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போடப்பட்டது. எஞ்சிய 40 பங்கை, சம்பளமும் நிர்வாகச் செலவும் நீங்கலாக, அரசியல் சாசனத்தின் பதினோராவது அட்டவணையில் கண்ட 29 விஷயங்களில் எதற்கும் ஊராட்சி உபயோகிக்கலாம். மண் பாதுகாப்பும் சமூகக் காடு வளர்ப்பும் அவற்றில் அடக்கம். ஆகவே பணத்துக்கு வழி உண்டு.

சங்கடம் தொடங்குவது மதிப்பீட்டில். எந்த வேலையானாலும், முடிந்தபின் பொறியாளர் வந்து அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்தாலன்றிப் பட்டியல் பாஸாகாது. சவுக்கு இந்த ஏற்பாட்டுக்கு வெகு அனுகூலமான மரம்: நூல் பிடித்துக் குழி வெட்டி, குழிக்கொரு கன்று நட்டுவிட்டால், வரிசையை எண்ணிப் பெருக்கிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். மணல்மேட்டுக்கே உரிய அடப்பங்கொடியோ, கணுவுக்குக் கணு வேர் ஊன்றி, காற்று வாரிக்கொண்டு வரும் மணலை இலைகளுக்கிடையே தடுத்து நிறுத்தி, அம்மணல் தன்னை மூட மூட அதன்மேலேயே ஏறிப் படர்ந்து, மேட்டையும் தன்னோடு உயர்த்திக்கொண்டு போகும் ஸ்வபாவம் உடையது. இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டையான விதைக்கொத்து காற்றில் உருண்டோடி, தங்கிய இடத்தில் முளைப்பது. இவற்றில் எது முதற்கன்று, எது நூறாவது கன்று என்று எந்தப் பொறியாளரால் எண்ண முடியும்? பல இடங்களில் வேலி போட்டு, வண்டியும் மாடும் நுழையாமல் காத்துச் சும்மா விட்டாலே கொடி தானாகப் படர்ந்துவிடும். ஆனால் சும்மா விடுவதற்கு எந்த விலைப்பட்டியலிலும் விலை இல்லை.

இதன் பலனை நாம் ஒருமுறை கண்டாயிற்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், உலக வங்கியின் கடனுதவியும் சேர, 'உயிர்க் கேடயம்' என்ற கம்பீரமான பெயரில் அதிகாரிகள் வளர்த்தது பெரும்பாலும் சவுக்குத் தோப்பையே. நாகப்பட்டினக் கரையில் சிலவிடங்களில், நிஜமான கேடயமாக நின்ற மணல்மேட்டையே சமன்செய்து அதன்மீது கன்று நட்டார்கள். சவுக்கின் சருகு மெத்தைபோல் படிந்து கீழே வேறொன்றை முளைக்க விடாது. கரையை ஒட்டி நட்டால் பங்குனி ஆமை முட்டையிடும் இடமும் குறைகிறது. 2011, 2019 ஆகிய இரு கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கைகளும் மணல்மேட்டை உச்ச பாதுகாப்புக்குரிய வகுப்பில் வைத்திருக்கின்றன. அளவுப் புத்தகத்துக்கு அந்த அந்தஸ்து தெரியாது.

பரிகாரம் கஷ்டமானதன்று. வேலியை மீட்டர் கணக்கிலும், கொடி மூடிய பரப்பைச் சதுர மீட்டர் கணக்கிலும் எழுதி, கடைசித் தவணையை வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்திய அளவையின்மேல் தருவதாக மதிப்பீட்டை அமைத்தால், எண்ணிக்கைக்கு அடங்காத செடிக்கும் கணக்கில் இடம் கிடைக்கும்.

மற்றக் கேள்விகள்:

நிலம் யாருடையது? பெரும்பாலும் வருவாய்த்துறைப் புறம்போக்கு அல்லது வனத்துறை நிலம். அந்தத் துறையின் இசைவு முதலில் வேண்டும்.

தலைவர் இல்லாத ஊராட்சி என்ன செய்வது? செங்கற்பட்டு, விழுப்புரம், திருநெல்வேலி நீங்கலான கடலோர மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிற்று. நிதிக் குழு மானியமோ தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளுக்கே உரியது; ஆகவே அத்தகைய ஊராட்சி அதை நம்பித் திட்டமிட முடியாது.

2026 மார்ச்சுக்குப் பிறகு? ஏப்ரல் 1 முதல் பதினாறாவது நிதிக் குழுவின் ஐந்தாண்டு.

ஜனவரி 26 கிராம சபைக்குப் போகும் வாசகர்கள், மணல்மேட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், மதிப்பீட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். அதில் கன்றுகளின் எண்ணிக்கை மாத்திரம் இருந்தால், நடப்போவது சவுக்குத்தான் என்று அறிந்து, தீர்மானத்தைத் திருத்தக் கோரவேண்டும்.