பறக்கும் காமிராவும் பனை மரமும்

அருப்புக்கோட்டையைத் தாண்டி, திருச்சுழிப் பக்கம் குலதெய்வம் உள்ள குடும்பங்கள் சென்னையிலும் மதுரையிலும் ஏராளம். குழந்தைக்கு முடியிறக்க, காது குத்த என்று வேன் பிடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்களும் அப்படிக் கிளம்புகிறவராக இருந்தால், சகோதரி, இது உங்களுக்குத்தான். பொங்கல் பானை, மாமன் சீர் இவற்றோடு இப்போது இன்னொன்றும் வேனில் ஏறிக்கொள்கிறதே, ட்ரோன் என்னும் பறக்கும் காமிரா, அதைப் பற்றிய சமாசாரம்.

முன்பெல்லாம் அதை ஓட்டக் கைப்பழக்கம் வேண்டும். இப்போது ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். மாமன் மடியில் இருக்கும் குழந்தையில் தொடங்கி, தானே பின்னால் நகர்ந்து மேலே ஏறி, கோயில், கண்மாய், கரிசல் காடு எல்லாவற்றையும் ஒரே வீச்சில் படம் பிடித்துவிடும். ஆளைச் சுற்றி வட்டமிடும். நடக்கிறவரைப் பின்தொடரும். பிரமாதந்தான்!

அபாயம் எங்கே என்கிறீர்களா? அந்தப் "பின்னால்" என்ற சொல்லில்தான். காமிரா உங்களைப் பார்த்தபடி இருக்க, யந்திரம் முதுகுப் பக்கமாகப் போகிறது. சிறிய ட்ரோன்கள் பலவற்றுக்கு முதுகில் கண் கிடையாது. கண் உள்ளவற்றுக்கும் மின்சாரக் கம்பி, இலையற்ற முள்கிளை போன்ற மெல்லிய பொருள்கள் சரியாகத் தெரிவதில்லை. அந்த வானம் பார்த்த பூமியில் கால் வைத்ததும், "வெட்டவெளிதானே, எதில் மோதப்போகிறது?" என்று தோன்றும். சற்று நின்று பாருங்கள். பம்புசெட்டுக்குப் போகும் கம்பி, ஒற்றைப் பனை, கண்மாய்க்கரைச் சீமைக் கருவேலம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். ஆகவே படம் எடுக்கும் தம்பி பொத்தானைத் தொடுமுன், யந்திரம் போகப்போகிற பக்கமாக நடந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு வரட்டும். எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதையும் பல யந்திரங்களில் முன்கூட்டியே குறிக்கலாம். குறைவாகவே குறிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். பாட்டரி குறைந்தாலோ தொடர்பு அறுந்தாலோ ட்ரோன் தானாகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்பிவிடும். குறித்து வைத்த உயரத்துக்கு ஏறி, நேர்கோடாக வந்து, புறப்பட்ட இடத்திலேயே இறங்கும். பனை நூறு அடிகூட வளரும். குறித்த உயரம் அறுபது அடி என்றால் என்ன ஆகும்? "தம்பி, திரும்பி வர்ற உயரம் எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று நீங்களே கேளுங்கள். திகைத்துப் போவார், கேட்டதில் தப்பில்லை. 50 மீட்டர் வைத்தால் பனைக்கு மேலே வந்துவிடும். உயர் அழுத்த மின் கோபுரம் பக்கத்தில் இருந்தால் அந்த இடமே வேண்டாம். வெயிலுக்குப் பயந்து வேப்ப மரத்தடியிலிருந்து பறக்கவிடுகிறார்கள், பாருங்கள், அதுவும் கூடாது. திரும்பும்போது கிளை வழியாகத்தான் இறங்கும், கீழே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தலைக்கு நேரே!

பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். 2015-இல் இங்கிலாந்தில் பழக்கமுள்ள ஒருவர் கையால் ஓட்டிய ட்ரோனே மரத்தில் உரசிச் சுழன்று, ஒன்றரை வயதுக் குழந்தையின் ஒரு கண்ணைப் பறித்துவிட்டது. அதே ஆண்டு மெக்ஸிகோவில் கச்சேரி நடுவே பறந்த ட்ரோனைக் கையால் பிடிக்கப்போன பாடகர் என்ரிகே இக்லேசியாஸின் விரல்கள் வெட்டுப்பட்டன. ஆகையால் ஓடுகிற பிள்ளைகளைப் பின்தொடரும் வேலையை யந்திரத்துக்குக் கொடுக்காதீர்கள். அது படம் எடுக்கையில் ஓட்டுபவரின் விரல், நிறுத்தும் பொத்தான் மீதே இருக்கட்டும். அழுத்தினால் அந்தரத்தில் அப்படியே நிற்கும்.

சித்திரை வெயிலும் கவனம். சிறிய ட்ரோன்கள் பலவற்றுக்கு 40 டிகிரிதான் எல்லை. காலையிலேயே எடுத்துவிடுங்கள், முகத்திலும் நிழல் விழாது.

சட்டமும் உண்டு. 2021-இன் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் கூலிக்கு ஓட்டுபவரிடம் பைலட் சான்றிதழ் இருக்கவேண்டும். தடையில்லாத பசுமைப் பகுதியிலும் 400 அடிக்கு மேல் பறக்கக்கூடாது. முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. கோயில் பூசாரியிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கரிசல் புழுதி மோட்டாருக்கு ஆகாது; வேனின் ரப்பர் விரிப்பைப் போட்டு அதில் இறக்கச் சொல்லுங்கள். இறக்கைகள் முழுதும் நின்ற பிறகு பிள்ளைகள் கிட்டப் போய்ப் பார்க்கட்டும். அவர்களுக்குக் காதுகுத்தை விட அதுதானே வேடிக்கை!