உரக் கணக்கு போட நீங்களே கம்ப்யூட்டர் புரோகிராம் தயாரிக்கலாம்

கடலூர் தேவனாம்பட்டினம் தொடங்கிச் சிதம்பரம் வரை நெல் முக்கியப் பயிராகும். மண் பரிசோதனை செய்த விவசாயிகளுக்கும் ஒரு சிரமம் உண்டு. ஏக்கருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து இத்தனை கிலோ என்று முடிவு கிடைக்கிறது. கடையில் யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் எவ்வளவு வாங்குவது என்பதற்குத் தனிக் கணக்கு தேவைப்படுகிறது.

இக்கணக்கைப் போடும் சிறு புரோகிராமை விவசாயிகளே இப்போது தயாரித்துக் கொள்ளலாம். கம்ப்யூட்டர் மொழி படித்திருக்கத் தேவையில்லை. 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடியும், அதன்பின் வந்த ஜெமினி, கிளாடு போன்ற செயற்கை நுண்ணறிவுச் சாதனங்களும், நாம் தமிழில் சொல்வதைப் புரிந்துகொண்டு புரோகிராம் எழுதித் தருகின்றன. இணைய வசதியுள்ள செல்போன் போதுமானது.

கேட்கும் முறை

புதிய ஆளுக்கு வேலை சொல்வதுபோல, எதையும் விடாமல் சொல்ல வேண்டும். கீழ்க்கண்டவாறு கேட்கலாம்:

"நான் விவசாயி. நிலப் பரப்பையும், ஏக்கருக்கு வேண்டிய தழை, மணி, சாம்பல் சத்தையும் கொடுத்தால், யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் எத்தனை கிலோ என்று காட்ட வேண்டும். யூரியாவில் தழைச்சத்து 46 சதம். டி.ஏ.பி.யில் தழை 18, மணி 46 சதம். பொட்டாஷில் சாம்பல் 60 சதம். தமிழில், ஒரே எச்.டி.எம்.எல். கோப்பாக, இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி எழுதிக் கொடு."

கிடைக்கும் கோப்பைச் செல்போனில் சேமித்துத் திறக்க வேண்டும். சேமிக்கும் வழியையும் அதனிடமே கேட்கலாம்.

சோதிக்கும் முறை

இதுவே மிக முக்கியம். புரோகிராம் பிழையாக இருந்தாலும் விடை பார்வைக்குச் சரியாகவே தோன்றும். எனவே ஒரு ஏக்கருக்குத் தழை 60, மணி 20, சாம்பல் 20 கிலோ என்று கொடுத்துப் பார்க்கவும். 20 கிலோ மணிச்சத்துக்கு 43.5 கிலோ டி.ஏ.பி. தேவை. அதிலேயே 7.8 கிலோ தழைச்சத்தும் கிடைத்துவிடும். எஞ்சிய 52.2 கிலோவுக்கு யூரியா 113.4 கிலோ. பொட்டாஷ் 33.3 கிலோ.

யூரியா 130.4 கிலோ என்று காட்டினால், டி.ஏ.பி.யிலுள்ள தழைச்சத்து கழிக்கப்படவில்லை என்று பொருள். அதை நம்பினால் ஏக்கருக்கு 17 கிலோ யூரியா வீண். பணம் போவதோடு, தழைச்சத்து மிகுந்தால் பயிர் சாயும். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் பெருகும். "டி.ஏ.பி.யிலுள்ள தழைச்சத்தைக் கழித்துத் திருத்து" என்று சொன்னால் திருத்தித் தரும். மீண்டும் சோதிக்க வேண்டும்.

எச்சரிக்கை

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது. இச்சாதனம் சொல்லும் பூச்சிமருந்து அளவை அப்படியே நம்பித் தெளிக்கக் கூடாது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, விருத்தாசலம் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ, 1800-180-1551 என்ற இலவசத் தொலைபேசியிலோ கேட்டுத் தெளிவு பெறலாம்.

உரக் கணக்கு கைவந்தபின் ஆள் கூலி, குத்தகைக் கணக்குகளுக்கும் இதே முறையில் தயாரிக்கலாம். தாளில் ஒரு முறை சரிபார்த்துவிட்டுக் கடைக்குச் செல்லும் விவசாயி, தேவைக்கு மேல் ஒரு மூட்டையும் வாங்கமாட்டார்.