மரப்பொருள்களுக்கு மெருகேற்றுதல்

பள்ளித் தொழிற்கூடத்தில் மாணவன் ஒரு முக்காலியைச் செம்மையாக இணைத்து முடிக்கிறான். வார்னிஷ் பூசியதும் அதுவரை தென்படாத கீறல்களும் கருந்திட்டுகளும் வெளிப்படுகின்றன. வார்னிஷைக் குறை கூறுவது வழக்கம். உண்மையில் குறை, அதற்கு முந்தைய தேய்ப்பிலேயே உள்ளது.

கீறல் தோன்றும் காரணம்

மரம் நுண்ணிய நீள்குழல்களாலும் இழைகளாலும் ஆனது. உப்புத்தாளிலுள்ள ஒவ்வொரு மணியும் ஒரு சிற்றுளியைப் போல் வேலை செய்கிறது. இழையோடும் திசையில் தேய்த்தால் கீறல்கள் இழைகளோடு கலந்து மறையும். குறுக்கே தேய்த்தால் இழைகள் அறுபடும். சாயம் அவ்விடங்களில் மிகுதியாக ஊறிக் கருங்கோடுகளாகத் தெரியும்.

தேய்க்கும் முறை

உப்புத்தாளின் பின்புறத்திலுள்ள எண் பெரிதாகுந்தோறும் மணி நுண்ணியதாகும். இழைப்புளியால் சமன் செய்த பலகையை 80, 120, 180, 220 என்ற வரிசையில் தேய்த்தல் நலம். 80இலிருந்து நேரே 220க்குத் தாவினால், முதல் தாளின் ஆழ்ந்த கீறல்களை நுண்தாள் அகற்ற இயலாது. சமதளங்களில் தாளைச் சிறு மரக்கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளங்கள் உண்டாகும். ஒவ்வொரு படியிலும் தூளைத் துடைத்து, பலகையைச் சாய்வான வெளிச்சத்தில் நோக்கினால் எஞ்சிய கீறல்கள் புலப்படும்.

இறுதித் தேய்ப்புக்கு முன் பலகையை ஈரத்துணியால் துடைத்து உலர விடுக. அமுங்கிய இழைகள் நீரால் உப்பி எழும். அவற்றை 220 தாளால் மெல்லத் தேய்த்து நீக்கிவிட்டால், பூச்சின்போது சொரசொரப்புத் தோன்றாது.

பூச்சு

ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கு நம் நாட்டுக்கு உரிய பூச்சாகும். பலாசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் அரக்குப் பூச்சியிலிருந்து இது கிடைக்கிறது. இதனை ஆராயவென்றே 1924இல் ராஞ்சிக்கு அருகே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஒரே தடித்த பூச்சைவிடப் பல மெல்லிய பூச்சுகளே சிறந்தவை; ஒவ்வொன்றும் உலர்ந்தபின் 320 தாளால் இலேசாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும். அவலரக்கு வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்காது. எனவே உணவு மேசைக்கு வார்னிஷே ஏற்றது.

இரு எச்சரிக்கைகள்

முதலாவது, மரத்தூள். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதியில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் மரத்தூளைச் சேர்த்தது. மூக்குக்குழியிலும் அதனையொட்டிய எலும்பறைகளிலும் நோய் தோன்றலாம். ஆகவே காற்றோட்டமான இடத்தில், நுண்தூளைத் தடுக்கும் முகக்கவசத்துடன் தேய்த்தல் அவசியம். தரையிலுள்ள தூளை வெறுமனே பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தை. இவ்வெண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. கந்தையைச் சுருட்டிப் போட்டால் வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, தீக்குச்சியின்றியே தீப்பற்றக்கூடும். பூச்சு முடிந்தவுடன் கந்தையை வெளியில் விரித்து உலர்த்த வேண்டும். அல்லது நீர் நிறைந்த தகரப்பெட்டியில் அமிழ்த்தி மூட வேண்டும்.

தேய்ப்புக்குத் தனியாக ஒரு வகுப்பு நேரத்தை ஆசிரியர் ஒதுக்குவாராயின், மாணவனின் உழைப்பும் வீணாகாது. அவன் உடல் நலமும் காக்கப்படும்.